எழுத்துக்கு ஓர் ஓய்வு, இசைக்கு ஓர் இரவு

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், வைத்தியராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் தம் வகுப்புத் தோழியரின் சார்பில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நிகழ்வில் சுகாதாரம் பற்றிப் பேசுமாறு சங்கத்தினர் எங்களைக் கேட்டார்கள். நீரிழிவு பற்றியும் இரத்த அழுத்தம் பற்றியும் நீங்கள் வேண்டிய அளவு கேட்டிருப்பீர்கள். ஆகவே எங்கள் வகுப்புத் தோழியர் கூடிப் பேசி, வேறொரு விடயத்தைத் தெரிவு செய்தோம். எழுதிக்கொண்டே இருக்கும் எங்களுக்கு எழுத்திலிருந்து ஓர் ஓய்வு தேவை. அந்த ஓய்வை ஒரு கோடை இரவும், நேரில் கேட்கும் இசையும் எப்படித் தருகின்றன என்பதே இன்று எங்கள் பேச்சு.

இந்தப் பாடசாலை எங்களை எழுதப் பழக்கியது. இன்று எங்கள் வகுப்பில் எல்லோரும் எழுதித்தான் பிழைக்கிறோம். ஆசிரியைகளாக இருப்போர் பாடக்குறிப்பு எழுதுகிறார்கள், விடைத்தாள் திருத்துகிறார்கள். வங்கியிலும் கந்தோரிலும் இருப்போர் அறிக்கை எழுதுகிறார்கள். வைத்தியர்களாகிய நாங்கள் விடுதியில் நோயாளியின் பி.எச்.ரி.யில் எழுதுகிறோம், கிளினிக் கொப்பியில் எழுதுகிறோம், வீட்டுக்கு அனுப்பும்போது டயக்னோசிஸ் கார்ட் எழுதுகிறோம். ஒரு கிளினிக் நாளில் நோயாளியின் முகத்தைப் பார்த்த நேரத்தைவிடக் கொப்பியைப் பார்த்த நேரம் கூடுதலாக இருக்கும். வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் வீட்டுவேலை. அது முடிந்தால் கைபேசியில் வகுப்புக் குழுவுக்குப் பதில். அதுவும் எழுத்துத்தான்.

எழுதுவது பாரம் தூக்குவது போன்ற வேலை அல்ல என்று நாம் நினைக்கிறோம். ஆனால் கையின் சிறு தசைகள் மணிக்கணக்காக இறுகியே இருக்கின்றன. கழுத்து முன்னே வளைந்திருக்கிறது. அருகில் உள்ளதையே பார்ப்பதால் கண்ணின் உட்தசை ஓயாமல் சுருங்கியிருக்கிறது. கண் இமைப்பதும் குறைகிறது. மாலையில் வரும் தலையிடிக்கும் கண் எரிவுக்கும் தோள்பட்டை நோவுக்கும் மருந்து கேட்டு வருவோரில் ஆசிரியைகளும் உயர்தர மாணவிகளும் நிறையப் பேர். அவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது, பேனையை வைத்துவிட்டுத் தூரத்தே எதையாவது பாருங்கள், தோளைத் தளர்த்துங்கள் என்பதுதான்.

தூரத்தே பார்ப்பதற்கும் தோளைத் தளர்த்துவதற்கும் எங்கள் ஊரில் முன்னோர் ஒரு வழி வைத்திருந்தார்கள். பங்குனி சித்திரையில் தொடங்கி ஆவணி வரை, வெயில் காலம் முழுவதும், ஊருக்கு ஊர் கோயில் கொடியேறும். பத்து நாள், பன்னிரண்டு நாள், நல்லூரில் இருபத்தைந்து நாள். பகலில் நிலம் கொதிக்கும். இரவில் கோயில் வெளிவீதி மணல் குளிர்ந்துவிடும். அந்த மணலில் பாய் விரித்து இருந்துதான் எங்கள் ஊர்ச் சனம் தலைமுறை தலைமுறையாக இசை கேட்டது.

எங்கள் வகுப்பின் பிள்ளைப்பருவம் சற்று வேறானது. 1990ஆம் ஆண்டு குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது எங்களுக்குப் பத்து, பதினொரு வயது. அதன் பிறகு பள்ளிக்கூட வாழ்வின் பெரும்பகுதியை ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தோம். மண்ணெண்ணெய் விலை எங்கள் பெற்றோருக்குத்தான் தெரியும். ஒரு விளக்கைச் சுற்றி நாலு பிள்ளைகள். ஒருவர் எழுதும்போது கை நிழல் அடுத்தவரின் கொப்பியில் விழும். முடிந்த கொப்பிகளில் மிஞ்சிய வெள்ளைத்தாள்களைப் பிரித்துத் தைத்து அடுத்த தவணைக்குப் புதுக் கொப்பி ஆக்கினோம். எழுத்து என்பது எங்களுக்கு அவ்வளவு சிக்கனமான, அவ்வளவு கவனமான வேலை.

இசைக்கும் அதே நிலைதான். பற்றரி இல்லை. றேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லில் பொருத்தி, அண்ணாமார் மாறி மாறிப் பெடலைக் கையால் சுற்றுவார்கள். சுற்றும் வேகம் குறைந்தால் கசற்றில் பாடுகிறவரின் குரல் இழுபடும். ஒரு பாட்டு முடிவதற்குள் கை வலித்துவிடும். ஆகவே எங்கள் வயதுக்காரருக்கு இசை என்றால் பெரும்பாலும் நேரில் கேட்டதுதான். காலைக் கூட்டத்தில் பாடிய தேவாரம், சங்கீத ஆசிரியையின் சுருதிப்பெட்டி, பிறகு கோயில் மேளம்.

சப்பறத் திருவிழாவை இன்றைய பிள்ளைகளுக்குச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தேருக்கு முதல் நாள் இரவு. சுவாமி சப்பறத்தில் ஏறி வெளிவீதி வருவார். சுவாமி புறப்படும்போது நாதஸ்வரத்தில் மல்லாரி கேட்கும். மல்லாரி கம்பீரநாட்டை இராகத்தில் வாசிக்கப்படுவது. சொற்கள் இல்லை. அதைக் கேட்டதும் மடத்திலும் தேர்முட்டியடியிலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிடுவார்கள். பிறகு வீதியின் மூலைக்கு மூலை சப்பறம் நிற்கும். அங்கே மேளக்காரர் நின்று விரிவாக வாசிப்பார்கள். ஒருவர் இராகத்தை எடுத்து விரிக்க, மற்றவர் அதைத் தொடர்வார். தவில்காரர் முறை வரும்போது சனம் நெருங்கி வரும். பெண்கள் பக்கத்தில் அம்மம்மாமார் முன்னே இருந்து தொடையில் தாளம் போடுவார்கள். பின்னால் நாங்கள். விடியும் நேரம் பூபாளம் வாசித்தால், இனி வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம்.

தவிலின் ஒரு பக்கத்தைக் கழியால் அடிக்கிறார்கள், மற்றப் பக்கத்தை விரல்களில் கூடு போட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள். பலாமரத்தில் குடைந்த அந்த வாத்தியத்தை ஒரு மனிதர் தோளில் சுமந்துகொண்டு இரவிரவாக வாசிப்பது எவ்வளவு பெரிய உடலுழைப்பு என்பது வைத்தியம் படித்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. நாதஸ்வரமும் அப்படித்தான். மெல்லிய சீவாளியை உதட்டில் பிடித்து, மூச்சை அடக்கி விடும் அந்த வேலை நெஞ்சுக்கும் கன்னத்துக்கும் கடும் பயிற்சி. இணுவில், அளவெட்டி போன்ற ஊர்கள் இக்கலையை வீட்டுக்கு வீடு வளர்த்தன. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி நாங்கள் பிறப்பதற்கு முன்னரே, 1975இல், நாற்பதுகளின் தொடக்கத்தில் மறைந்துவிட்டார். தமிழ்நாட்டின் பெரிய வித்துவான்களே வியந்த கை அது. அவரை நேரில் கேட்ட அம்மம்மாமார், அடுத்த தலைமுறைத் தவில்காரர் வாசிக்கும்போது அவரை நினைத்துக்கொள்வார்கள். அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரம் எங்கள் காலத்திலும் ஒலித்தது.

அந்த இரவு எங்களுக்குத் தந்தது என்ன? முதலாவது, கொப்பி வீட்டில் இருந்தது. சோதனை வருகிறது என்று அம்மா சொன்னாலும் அம்மம்மா விடமாட்டார். "ஒரு நாளைக்குப் படிக்காட்டி ஒண்டும் குறைஞ்சு போகாது" என்பது அவருடைய தீர்ப்பு. இரண்டாவது, பெண்பிள்ளைகள் விடியும்வரை வெளியில் இருக்கலாம் என்று ஊர் ஒப்புக்கொண்ட இரவு அது ஒன்றுதான். பொழுதுபட்டால் படலைக்கு வெளியே கால் வைக்க விடாத வீடுகளும் திருவிழாவுக்கு விட்டன. எல்லாத் தோழிகளும் ஒரே பாயில், கச்சான் உடைத்துக்கொண்டு, தலைக்கு மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு. பரீட்சை முடிவு வரும்போது எங்களை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்துவார்கள். அந்தப் பாயில் வரிசை இல்லை.

அந்த இரவுகளும் நிரந்தரமாக இருக்கவில்லை. விமானம் வரும் என்ற பயத்தில் சில வருடங்கள் இரவுத் திருவிழா பகலுக்கு வந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது கொப்பியும் போனது, பாயும் போனது. திரும்பி வந்தபின் ஊரடங்கு. பொழுதுபடுமுன் சுவாமி இருப்புக்கு வந்துவிட வேண்டும். எங்களுக்குப் பின்வந்த சில வகுப்புகள் இரவுத் திருவிழா என்றால் என்னவென்று அறியாமலே படித்து முடித்தன. ஆனாலும் மேளம் நிற்கவில்லை. பகல் வெயிலில், குறைந்த சனத்தில், வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

போருக்குள்ளும் இசையை விடாதது எங்கள் ஊர் மட்டுமல்ல. லண்டனில் இருக்கும் தோழியர் எங்களுக்குச் சொன்ன ஒரு விடயத்தை இங்கே சொல்கிறோம். அங்கே ஒவ்வொரு கோடையிலும் யூலை முதல் செப்ரெம்பர் வரை புறொம்ஸ் என்ற இசைவிழா நடக்கிறது. 1895ஆம் ஆண்டு தொடங்கியது. நின்றுகொண்டு கேட்க விரும்புவோருக்குக் குறைந்த விலையில் சீட்டு உண்டு. சாதாரண சனமும் நல்ல இசையைக் கேட்க வேண்டும் என்பதுதான் தொடக்கத்திலிருந்தே நோக்கம். 1941ஆம் ஆண்டு மே மாதம் அது நடந்த குயீன்ஸ் மண்டபம் ஜேர்மன் விமானக் குண்டுவீச்சில் எரிந்து போனது. அந்தக் கோடையே விழாவை றோயல் அல்பேட் மண்டபத்துக்கு மாற்றி நடத்திவிட்டார்கள். இன்றும் அங்கேதான் நடக்கிறது. வேலை முடிந்து வந்து, தோட்பையைக் காலடியில் வைத்துவிட்டு, இரண்டு மணித்தியாலம் நின்று கேட்கும்போது கோயில் வீதியில் நிற்பது போல இருக்கிறது என்று எங்கள் தோழி ஒருவர் எழுதியிருந்தார். வாசிப்பது எந்த நாட்டு இசை என்பது வேறு விடயம். நின்று கேட்கும் சனம் ஒன்றுதான்.

இப்போது வைத்தியராகச் சில வார்த்தைகள். இசை எல்லா நோயையும் தீர்க்கும் என்று வட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். ஆனால் சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்போரின் பதற்றத்தை இசை குறைக்கக்கூடும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. மறதி நோய் முற்றி, பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்த அம்மாமார் சிறுவயதுத் தேவாரத்தை அடி பிசகாமல் பாடுவதை நாங்கள் விடுதியில் கண்டிருக்கிறோம். பாடும்போது மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுகிறோம். அது இதயத் துடிப்பைத் தணிக்கிறது. வீட்டில் தனியாகக் காதுக்குள் கேட்கும் பாட்டு இவற்றில் சிலவற்றைத் தரலாம். ஆனால் பக்கத்தில் இருப்பவருடன் ஒரே தாளத்துக்குக் கை அசைப்பதை அது தராது. பாடகர் ஒரு கணம் தயங்கி, பிறகு சரியான இடத்தில் வந்து சேரும்போது முழுச் சபையும் ஒன்றாகத் தலையசைப்பதையும் அது தராது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இன்று எங்கள் ஊர்த் திருவிழாக்களிலும், வெளிநாட்டு மண்டபங்களிலும் ஒலிபெருக்கிகள் ஆளுயரத்துக்கு வந்துவிட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபெல் அளவிலான ஒலியைக் கிழமைக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம். 90 டெசிபெல் என்றால் ஏறத்தாழ 4 மணித்தியாலம்தான். 100 டெசிபெல் என்றால் சுமார் 20 நிமிடம். இசை நிகழ்ச்சிகளில் சராசரி ஒலி 100 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்று 2022ஆம் ஆண்டு அந்நிறுவனம் வரையறை வெளியிட்டது. உட்செவியில் இருக்கும் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. கச்சேரி கேட்ட மறுநாள் காலை காதுக்குள் இரைந்தால் அது காது தந்த முறைப்பாடு. தவிலும் நாதஸ்வரமும் திறந்த வெளியில் வாசிப்பதற்கென்றே உருவான வாத்தியங்கள். அவற்றுக்குப் பெரிய ஒலிபெருக்கி தேவையே இல்லை. சின்னப் பிள்ளைகளை ஒலிபெருக்கியின் முன்னால் இருத்தாதீர்கள். பக்கத்தில் நின்று வாசிக்கும் கலைஞர்களின் காதுகளைப் பற்றியும் உபயகாரர் யோசிக்க வேண்டும்.

இனி இன்று கட்டாயம் சொல்ல வந்த விடயம். எங்கள் வகுப்பில் நன்றாகப் பாடும் தோழி ஒருவர் இருந்தார். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளில் தரம் தரமாகச் சித்தியெய்தி வந்தவர். சாதாரணதரம் நெருங்கியபோது சங்கீத வகுப்பு நின்றது. ரியூசனுக்கு நேரம் வேண்டும் என்றார்கள். அன்றைய சூழ்நிலையில் எந்தப் பெற்றோரும் அதைத்தான் செய்திருப்பார்கள். படித்தால்தான் தப்பலாம் என்றிருந்த காலம் அது. அவர் படித்தார், நல்ல தொழில் பார்க்கிறார், வெளிநாட்டில் இருக்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆவணி இரவில், தோழி ஒருவரின் வீட்டு முற்றத்தில் நாங்கள் பதினான்கு பேர் கூடினோம். மாமரத்தின் கீழ்ப் பாய் விரித்தோம். கைபேசிகளை ஒரு சுளகில் போட்டு உள்ளே வைத்தோம். ஊரிலேயே வயலின் படிப்பிக்கும் தங்கை ஒருவரும், மிருதங்கம் வாசிக்கும் அவருடைய மாணவியும் வந்தார்கள். மிருதங்கத்துக்கு ஒரு பெண்பிள்ளை வந்து அமர்ந்ததைக் கண்டு அம்மாமாருக்குப் புளுகம்.

எங்கள் தோழியைப் பாடச் சொன்னோம். இருபது வருடங்களுக்கு மேல் பாடவில்லை என்றார். கட்டாயப்படுத்தவில்லை. வயலின் ஒரு மணித்தியாலம் போல வாசித்தது. பிறகு அவராகவே தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். முதல் வரியில் குரல் உடைந்தது. இரண்டாம் முறை அதே வரியை எடுத்தபோது நின்றது. மூன்றாம் முறை எங்கள் மண்டபத்துக் காலைக் கூட்டத்தில் கேட்ட அதே குரல். யாரும் கைதட்டவில்லை, தாளம் போட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த நாள் அவர் எங்களிடம் சொன்னது இதுதான்: "படிப்பும் எனக்கு வேணும்தான் இருந்தது. இதையும் விடாமல் வைச்சிருந்திருக்கலாம்."

அந்த இரவில்தான் இந்த உரை உருவானது. ஆகவே மூன்று விடயங்களை இச்சபையின் முன் பணிவாக வைக்கிறோம்.

முதலாவது, பெற்றோருக்கு. தரம் பத்துக்கு வந்ததும் பிள்ளையின் சங்கீதத்தையும் நடனத்தையும் வாத்தியத்தையும் முற்றாக நிறுத்தாதீர்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் போதும். அந்த ஒரு மணித்தியாலத்தால் எந்தப் பிள்ளையும் பல்கலைக்கழகத்தைத் தவறவிடப் போவதில்லை. எழுதிக் களைத்த கையும் கழுத்தும் மனமும் இளைப்பாறுவதற்கு அது ஓர் இடம். பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். இரவிரவாக விழித்திருப்பது திருவிழாவுக்கு மட்டும்தான். சோதனைக்கு முதல் நாள் நித்திரை கொள்ளுங்கள். படித்ததை மூளை பதித்து வைப்பது நித்திரையில்தான்.

இரண்டாவது, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சகோதரியருக்கு. கோயில் உபயத்துக்கும் பாடசாலை விழாவுக்கும் நீங்கள் தாராளமாகத் தருகிறீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஒலிபெருக்கிக்கும் மின்விளக்குச் சோடனைக்கும் போகுமுன் கலைஞரின் கைக்குப் போகட்டும். இந்த ஊர்களில் நாதஸ்வரமும் தவிலும் வாசிப்போரின் பிள்ளைகள் அக்கலையைத் தொடர்வதா விடுவதா என்று தீர்மானிக்கிற காலம் இது. திருவிழா மாதங்களில் ஓயாத வேலை, மற்ற மாதங்களில் கலியாண வீடு வந்தால்தான் வருமானம். அவர்களுக்கு உரிய சன்மானம் கொடுங்கள். அதைவிட முக்கியம், இருந்து கேளுங்கள். சபை கதைத்துக்கொண்டிருக்கக் கலைஞர் வாசித்துவிட்டுப் போவது அவருக்கும் களைப்பு, எங்களுக்கும் நட்டம்.

மூன்றாவது, எங்கள் சங்கத்துக்கு. வருடத்தில் ஓர் இரவு, ஆவணி விடுமுறையில், வெளிநாட்டுத் தோழியரும் ஊருக்கு வந்திருக்கும் நாளில், இந்த வளவில் ஓர் இசையிரவு வையுங்கள். போட்டி வேண்டாம், நடுவர் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், உரைகளும் வேண்டாம். இந்த உரையைப் போல நீண்டவை நிச்சயமாக வேண்டாம். கதிரைகளுக்குப் பதிலாகப் பாய். படிக்கிற பிள்ளையும் எண்பது வயது ஆச்சியும் அருகருகே இருக்கட்டும். பாட விரும்புவோர் பாடட்டும். தண்ணீர்ப்பந்தலில் மோரும் சர்க்கரைத் தண்ணியும் வைப்பதற்கு எங்கள் வகுப்பு பொறுப்பு. முதல் வருடத்து மேளத்துக்கான செலவையும் எங்கள் வகுப்பே ஏற்கும் என்று தோழியர் அனைவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

நூறு வருடங்களாக இந்தப் பாடசாலை பெண்பிள்ளைகளின் கையில் பேனையைக் கொடுத்தது. அதனால்தான் நாங்கள் இன்று இந்த மேடையில் நிற்கிறோம். அந்தப் பேனையை ஓர் இரவுக்கு மூடி வைக்கும் உரிமையையும் எங்களுக்குப் பின்வரும் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். அடுத்த ஆவணியில் பாயோடு வாருங்கள்.